விரல் போனால் யார் பொறுப்பு?



எண்ணெய் ரிக்கில் ஒரு தொழிலாளியின் விரல் நசுங்கினால் காண்டிராக்டர் சொல்லும் முதல் வார்த்தை "அஜாக்கிரதை". அதோடு நஷ்டஈட்டுக் கணக்கை மூடப் பார்க்கிறான்.

யாருடைய அஜாக்கிரதை? 30 அடிக் குழாயோடு குழாயை முடுக்க, தொங்கும் இரும்பு இடுக்கியைக் கையால் இழுத்து மாட்டச் சொல்கிறார்கள். காலடியில் சேறும் எண்ணெயும். ஷிப்டு 12 மணி நேரம். பத்தாவது மணியில் கை ஒரு நொடி பிந்தினால் விரல் இல்லை. எந்திரமே குழாயை முடுக்கும் ரிக்குகள் வந்து எவ்வளவோ காலமாயிற்று. அவற்றை வாங்கப் பணம் வேண்டுமே!

2005 ஜூலை 27 அன்று மும்பை ஹையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓ.என்.ஜி.சி.யின் 'சமுத்ர சுரக்ஷா' கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டன. மழைக்காலக் கடல், ஹெலிகாப்டர் வர முடியவில்லை. கிரேன் கூடையில் மேடைக்கு ஏற்றலாம் என்றார்கள். காற்றுக்கு மறைவான பக்கத்துக் கிரேனோ வேலை செய்யவில்லை. காற்றடிக்கும் பக்கம் போன கப்பல் எரிவாயுக் குழாயில் மோதியது. தீ. இரண்டு மணி நேரத்தில் மேடையே கடலுக்குள் போயிற்று. 22 உயிர்கள் போயின.

விரல் வெட்டிக்கொண்டவரா அந்த 22 பேரைக் கொன்றார்? ஓடாத கிரேனுக்கு யார் பதில் சொல்வது? ரயில்வேயில் ஒரு பாயிண்ட் பழுதானால்கூட எந்த நேரத்தில், யாரிடம் சொன்னோம் என்று எழுதி வைக்கிறோம்.

சட்டம் காண்டிராக்டர் பேச்சைக் கேட்கவில்லை. 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே வெறும் அஜாக்கிரதை ஒரு சாக்காக இருக்கவில்லை. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுதல் – இவைதான் விலக்கு. ஆள் இறந்துவிட்டால் அவையும் செல்லாது. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14 இழப்பு என்று அட்டவணையே உண்டு. "அவன் காண்டிராக்ட் ஆள், எங்கள் ஆள் இல்லை" என்று பெரிய கம்பெனி கைகழுவவும் முடியாது. முதலில் அதுதான் கொடுக்க வேண்டும். காண்டிராக்டரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்தப் பொறுப்பு இருக்கிறது.

தாய்மார்களே, கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இந்தியிலோ இங்கிலீஷிலோ டைப் அடித்த காகிதத்தைக் கொண்டுவந்து, ரூபாய்க் கட்டையும் காட்டுவார்கள். கைநாட்டு வைக்காதீர்கள். கேட் பாஸ், சம்பளச் சீட்டு, டாக்டர் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே சங்கத்துக்கு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம்.