முதல் முறை போகும் பெரும்பணம் ஒரு நாள் காத்திருக்கட்டும்
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களாகிய எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

எங்கள் உறுப்பினர்கள் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கிக் கவுன்டருக்கு உட்பக்கம் உட்கார்ந்தவர்கள். கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதிலேயே ஆயுளில் பாதியைக் கழித்தோம். இன்றைய மோசடியில் கையெழுத்து அசல். கணக்கு வைத்திருப்பவரே நேரில் வந்து போடுகிறார்.

'டிஜிட்டல் கைது' நடக்கும் விதம் இப்போது பலருக்கும் தெரியும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரை வைத்துக் கறுப்புப் பணம் கைமாறியிருக்கிறது என்று ஒரு அழைப்பு வரும். பிறகு வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டை, நீதிமன்ற முத்திரையோடு ஓர் உத்தரவு. கேமராவை அணைக்கக் கூடாது, பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது. இருக்கிற பணத்தையெல்லாம் அனுப்பினால் ரிசர்வ் வங்கி சரிபார்த்துத் திருப்பித் தந்துவிடும் என்பார்கள். பெரியவர் கிளைக்குப் போய் எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்பே உடைத்து, ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறார். "என்ன சார், இவ்வளவு பெரிய தொகை?" என்று கவுன்டரில் கேட்டால், "மகனுக்கு வீடு வாங்குறோம்" என்கிறார். அந்தப் பதிலும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலியில் அதைச் சொன்னார். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைப் போலீசார் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறிகொடுத்ததை அடுத்து, அதே நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானாகவே வழக்கை எடுத்தது. டிசம்பர் 1 அன்று இவ்வகை வழக்குகளை விசாரிக்க சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. எச்சரிக்கைகளுக்கும் பஞ்சமில்லை. யாரை அழைத்தாலும் ரிங் போவதற்கு முன் சைபர் மோசடி அறிவிப்பைக் கேட்டு அலுத்துப்போனவர்கள்தானே நாம்? ஆனால் மூன்று நாள் தூங்கவிடாமல் மிரட்டப்பட்டவருக்குக் கிளைச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர் கண்ணில் படாது. 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்று சொல்லிவிட்டு வங்கிகள் கையைக் கழுவுவதை எங்கள் சங்கம் ஏற்கவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை உறுப்பினர்கள் பலர் நல்ல பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நல்லதுதான். வங்கியிடமும் உங்களிடமும் தவறில்லாமல் வேறு எங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போய், மூன்று வேலைநாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பில்லை என்றது அது. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் உங்கள் பொறுப்பு. வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கியே. ஆனால் இதெல்லாம் உங்கள் அனுமதியில்லாமல் போன பணத்துக்கு. மிரட்டலுக்குப் பயந்து நீங்களே கையெழுத்திட்டு அனுப்பியது 'அனுமதித்த' பரிமாற்றம் ஆகிவிடுகிறது. ஓ.டி.பி. திருட்டைவிடப் பெரிய தொகைகள் போவது இந்த வழியில்தான்.

நாங்கள் வேலை பார்த்த காலத்தில் மந்தமே ஒரு காவலாக இருந்தது. சாயங்காலம் ஆனால் ஆர்.டி.ஜி.எஸ். நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நகராது. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் இரவு பகல் எந்நேரமும் ஓடுகின்றன. வியாபாரிக்கு அது பெரிய வசதி. அதைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. எங்கள் கோரிக்கை குறுகியது. அறுபது வயது கடந்தவர் எஃப்.டி.யை உடைத்து, இதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்பியிராத கணக்குக்குப் பெருந்தொகை அனுப்பினால், அது 24 மணி நேரம் வங்கியிலேயே நிற்க வேண்டும். அதற்குள் அவர் முன்பே எழுதிக் கொடுத்திருக்கும் ஒரு நம்பிக்கையான ஆளுக்கு வங்கி போன் செய்ய வேண்டும். புதிய போனில் யு.பி.ஐ. தொடங்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்கிறது. ஐயாயிரத்துக்கு இருக்கிற நிதானம் ஐம்பது லட்சத்துக்கு வேண்டாமா?

இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 'அவர் பணம், அவர் இஷ்டம். பிள்ளைகளுக்குச் சொல்ல வங்கி யார்?' என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெற்றோர் பணத்தில் கண் வைத்த பிள்ளைகளைக் கவுன்டரில் நாங்களும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் அந்த நம்பிக்கையான ஆள் யார் என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கட்டும் என்றோம். பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். இந்த ஏற்பாடே வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும் உரிமை வேண்டும். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு விலக்கு கட்டாயம்.

பணம் போய்ச் சேரும் வங்கியைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. திருட்டுப் பணம் முதலில் இறங்குவது கமிஷனுக்கு வாடகை விட்ட ஏதோ ஒரு கணக்கில். சில ஆயிரம் மட்டுமே புரண்ட கணக்கில் திடீரென்று லட்சக்கணக்கில் வந்து நிமிடங்களில் பிரிந்து போனால், அந்தக் கிளைக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இதைப் பிடிக்க மியூல்ஹன்டர் என்ற மென்பொருளை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே உருவாக்கியிருக்கிறது. பிடிக்கத் தவறிய வங்கி இழப்பில் பங்கேற்க வேண்டும் என்கிறோம். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே அனுப்பிய பணத்துக்கும், சில விலக்குகள் தவிர, 85,000 பவுண்டு வரை ஈடு உண்டு. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் செலவைப் பாதிப் பாதியாக ஏற்கின்றன. வாடிக்கையாளர்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்ற பயம் அங்கேயும் எழுந்தது. அதனால் மிக அலட்சியமாக நடந்தவர்களுக்கு ஈடு மறுக்க விதியிலேயே இடம் வைத்தார்கள்.

பணம் போய்விட்டது என்று பதறி வருபவரிடம் "ஸ்டேஷனுக்குப் போங்க" என்று சொல்லும் வழக்கமும் ஒழிய வேண்டும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணைக் கிளை ஊழியரே அங்கேயே அழைத்து, புகார் எண் வாங்கிக் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுத்தால்தான் பணம் மிஞ்சும்.

எங்கள் பங்குக்கு, ஒவ்வொரு மாதமும் பென்ஷன் விழும் முதல் வாரத்திலும், வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கும் நவம்பர் முழுவதும், அனுமதிக்கும் கிளைகளில் உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எஃப்.டி. உடைக்க வருபவரோடு ஒரு டீ குடிக்கும் நேரம் பேசிக்கொண்டிருப்பதே அவர் வேலை.