ஒரே நிரல், இரண்டு போன், பாதிச் செலவா?

செயலி எழுதக் கற்க வரும் பிள்ளைகளுக்கும், எழுதித் தரச் சொல்லும் முதலாளிகளுக்கும் இன்று கிடைக்கிற உபதேசம் ஒன்றுதான். ஃப்ளட்டர் போதும், டார்ட் மொழியில் ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டிலும் ஓடும், ஐபோனிலும் ஓடும், செலவு பாதி. ஆண்ட்ராய்டுக்கான கோட்லினும் ஐபோனுக்கான ஸ்விஃப்ட்டும் பழசு, வீண் வேலை. இதில் பாதி சரி. ஆனால் எந்தப் பாதி என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

முதலில் செலவைப் பார்ப்போம். சர்வரிலிருந்து பட்டியலை வாங்கித் திரையில் காட்டுவது, படிவம் நிரப்புவது, இவ்வளவுதான் செயலியின் வேலை என்றால் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். ப்ளூடூத், பின்னணியில் இருப்பிடத்தைப் பதிவது, நோட்டிஃபிகேஷன் என்று போனுக்குள் கை வைத்ததும் கணக்கு உடைகிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டு பின்னணி வேலைகளை ஒரு விதமாகத் தடுக்கும். ஐபோன் வேறு விதமாகத் தடுக்கும். இந்த வேறுபாட்டை, ஃப்ளட்டரைப் போனின் வசதிகளோடு இணைக்கும் பிளக்இன் மறைத்து வைக்கலாம், ஒழிக்க முடியாது. அந்த பிளக்இன்னைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பக்கம் கோட்லினோ ஜாவாவோ, மறுபக்கம் ஸ்விஃப்ட்டோ அப்ஜெக்டிவ்-சியோ இருக்கும். எழுதியவர் அதைக் கைவிட்டுவிட்டால், வீண் என்று ஒதுக்கிய இரண்டு மொழிகளையும் உட்கார்ந்து படிக்க வேண்டியவர் நீங்கள்தான். போதாததற்கு, எந்த மொழியில் எழுதினாலும் ஐபோன் செயலியைக் கட்டி முடிக்க ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருளும், அது ஓட ஒரு மேக் கணினியும் வேண்டும்.

ஃப்ளட்டரைப் போலவே ஒரே நிரலை இரண்டு போனிலும் ஓடவைக்கும் ரியாக்ட் நேட்டிவின் கதையும் இதையே சொல்கிறது. 2016-இல் அதை எடுத்த ஏர்பிஎன்பி 2018-இல் விலகுவதாக அறிவித்தது. இரண்டு தளங்களுக்குப் பதில் மூன்றைப் பராமரிக்க நேர்ந்தது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த, அந்தந்தப் போனின் சொந்தக் கருவிகளால் எழுதிய 'நேட்டிவ்' செயலிக்குள் அதைச் செருகியதால் சிக்கல் கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2020-இல் அதே ரியாக்ட் நேட்டிவுக்கு மாறிய ஷாப்பிஃபை இன்றும் அதில் திருப்தியாகவே இருக்கிறது. ஆனால் அவர்களும் நேட்டிவ் தெரிந்தவர்களைக் கைவிடவில்லை.

அடுத்தது வேகம். இங்கே உபதேசக்காரர்கள் பக்கமே நியாயம் அதிகம். வெளியீட்டுக்குத் தயாராகும்போது டார்ட் நேரடியாக இயந்திர மொழியாகவே மாறுகிறது. நிரலுக்கும் போனுக்கும் இடையே தகவலைக் கடத்தி ரியாக்ட் நேட்டிவை இழுத்துப் பிடித்த பழைய 'பிரிட்ஜ்' முறைக்குப் பதிலான புதிய கட்டமைப்பும் 2024-இல் இயல்புநிலை ஆகிவிட்டது. சாதாரணச் செயலிக்கு வேகத்தைக் காட்டிப் பயமுறுத்தத் தேவையில்லை.

தோற்றம் வேறு விஷயம். ஃப்ளட்டர் பொத்தான் முதல் பட்டியல் வரை எல்லாவற்றையும் தானே வரைகிறது. 2025-இல் ஆப்பிள் ஐஓஎஸ் 26-இல் கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்தைக் கொண்டுவந்தது. ஆப்பிளின் சொந்தக் கருவிகளால் கட்டிய செயலிகளைப் புதிய எக்ஸ்கோடில் மறுபடி தொகுத்தால் பெரும்பகுதி தானாக மாறிவிடும். ஃப்ளட்டர் செயலி மாறாது. யாராவது அந்தத் தோற்றத்தைப் போலச் செய்து தர வேண்டும். ரியாக்ட் நேட்டிவ் போனின் சொந்த உறுப்புகளையே பயன்படுத்துவதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கடைசியாக, 'பழசு' என்ற வாதம். இது சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. கோட்லினும் டார்ட்டும் ஒரே ஆண்டில், 2011-இல் அறிவிக்கப்பட்டவை. ஸ்விஃப்ட் 2014-இல்தான் வந்தது. வெற்று மதிப்பால் செயலி விழுந்துவிடாமல் காக்கும் 'நல்' பாதுகாப்பு ஸ்விஃப்ட்டிலும் கோட்லினிலும் முதல் பதிப்பிலேயே இருந்தது; டார்ட்டுக்கு அது முழுதாக வந்தது 2021-இல். 2023-இல் நிலைபெற்ற கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் வழியாக வரிக் கணக்கு, இணையமில்லாத நேரச் சேமிப்பு போன்ற உள்வேலைகளை ஒரு முறை எழுதிவிட்டு, திரையை மட்டும் அந்தந்தப் போனுக்குத் தனியாக எழுதலாம். கடை ஆர்டர் செயலிக்கு நான் ஃப்ளட்டரையே சொல்வேன். ப்ளூடூத்தில் சர்க்கரை அளவைப் படிக்கும் செயலிக்குக் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் வழியைத்தான் சொல்வேன்.