பாதை முடியும் இடம்

சரோஜினி நகர் மார்க்கெட்டில் பேரம் பேசி ஓய்ந்த வெளியூர் விருந்தாளிகளை, தில்லித் தமிழர்கள் அடுத்து அழைத்துச் செல்லும் இடங்களில் ஒன்று சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள 1, சப்தர்ஜங் சாலை. இந்திரா காந்தி வாழ்ந்த வீடு. புகைப்படங்கள், பத்திரிகைச் செய்திகள், கடைசியாக உடுத்திய புடவை என்று நகரும் வரிசை, தோட்டத்துக்கு வந்ததும் தானாக மெதுவாகிறது.

1984 அக்டோபர் 31 காலை, பீட்டர் உஸ்தினோவுக்குப் பேட்டியளிக்க, பக்கத்து அக்பர் சாலை அலுவலகத்துக்கு இந்திரா நடந்த பாதை அது. இப்போது அதன்மேல் படிகக் கண்ணாடி. அவர் சுடப்பட்டு விழுந்த இடத்தில் மட்டும் தெளிவான கண்ணாடி. பார்வையாளர் அதன் ஓரமாக நடக்கிறார். முடிவு அவருக்குத் தெரியும். அன்று நடந்தவருக்குத் தெரியாது. எந்த விளக்கப் பலகையும் தராத பதைப்பை அந்தச் சில அடிகள் தந்துவிடுகின்றன.

இந்த உத்தியை தில்லி முன்பே கண்டிருக்கிறது. காந்தி தம் கடைசி 144 நாட்களைக் கழித்த பிர்லா மாளிகை, 1973-ல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1948 ஜனவரி 30 மாலை, படேலுடன் பேச்சு நீண்டதால் தாமதமாகி, பிரார்த்தனைத் திடலுக்கு அவர் விரைந்த வழியில் காலடித் தடங்கள் வார்க்கப்பட்டுள்ளன. 2005-ல் அதே மாளிகையில் மின்னணுக் கண்காட்சியும் வந்தது. ஆனாலும் வாசலுக்கு வெளியே காத்திருக்கும் ஆட்டோவை ஒரு நிமிடம் மறக்கவைப்பவை அந்தத் தடங்கள்தான்.

நடக்கவைத்துக் கதை சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. பாதை எங்கே முடிகிறதோ, கதையும் அங்கே முடிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். இந்திராவின் கதை கண்ணாடியோடு முடியவில்லை. அவரைக் கொண்டுபோனது சரோஜினி நகரை அடுத்த எய்ம்ஸ் மருத்துவமனைக்கு. அன்று மாலை சீக்கியர்கள் மீதான தாக்குதல் தொடங்கியதும் அந்த வட்டாரத்தில்தான். அடுத்த சில நாட்களில் தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது.

அவர்களுக்கான நினைவுச் சுவர், ரகாப் கஞ்ச் குருத்வாரா வளாகத்தில் 2017-ல்தான் திறக்கப்பட்டது. ஒரே வாரத்தின் கதை. முழுதாகத் தெரிந்துகொள்ள இரண்டு இடங்களுக்குப் போகவேண்டும். விருந்தாளிகளை அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் முதல் இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.