பாலாற்றை வரைவோம், மறைக்காமல் வரைவோம்

ஆறு என்னும் தமிழ்ச்சொல்லுக்கு வழி என்றும் பொருளுண்டு. ஷரீஅத் என்னும் அரபுச்சொல்லின் தொல்பொருளும் நீர்த்துறைக்குச் செல்லும் பாதை என்பதேயாம். நீரையும் நெறியையும் ஒருசேர எண்ணிய இவ்விரு மரபுகளுக்கும் உரியவர்களாகிய நாம், நம் பாலாற்றைப் பற்றிச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தின் குப்பம் பகுதியைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாசாப்பேட்டை, காஞ்சிபுரம் வழியே ஓடிச் செங்கல்பட்டு மாவட்டத்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 348 கி.மீ.; அதில் 222 கி.மீ. தமிழகத்துள் அமைந்துள்ளது. 1903 நவம்பர் வெள்ளத்தில் வாணியம்பாடி பேரழிவைக் கண்டது. 2021 நவம்பரிலும் ஆறு கரைபுரண்டது. எனினும் பெரும்பாலான நாள்களில் நாம் காண்பது வறண்ட மணற்பரப்பையே.

இவ்வாற்றின் நீர்வடிப்பகுதி முழுமைக்கும், அதாவது எங்கெங்குப் பெய்யும் மழை இதனை வந்தடைகிறதோ அந்நிலம் முழுமைக்கும், இணையத்தளத்தில் ஊடாடும் நிலவரைபடம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அச்சிட்ட படம் தான் காட்டுவதை மட்டுமே காட்டும். இதுவோ கேட்பார்க்கு விடை கூறும். ஓர் ஏரியைச் சொடுக்கினால் அதன் பெயர், வரத்துக்கால், மதகு, கலங்கல், மிகைநீர் சென்றடையும் அடுத்த ஏரி ஆகியன விரியும். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது; கோப்புகளும் பிரிந்தன. நீரோ எல்லைக்கல்லை அறியாது. பொன்னையாறும் செய்யாறும் பாலாற்றோடு சேர்வதை ஒரே பார்வையில் காட்டவல்லது இத்தகைய படமே.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து அளக்கப்பட்ட நில உயரத் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக்கொண்டு நீர் எத்திசையில் வடியும் என்று கணினி கணித்துவிடும். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டிரீட்மேப், கியூஜிஐஎஸ் முதலிய கட்டற்ற கருவிகளும் உள்ளன.

ஆயின் கணினிக்குத் தெரியாத ஒன்றுண்டு. அஃது ஊர் வழங்கும் பெயர். ஏரி, தாங்கல், குட்டை, ஊருணி என நீர்நிலைதோறும் வேறுபெயர் வைத்தனர் நம் முன்னோர். அப்பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர்க்கு உரிய பணி. அறிஞர் அல் இத்ரீசி, சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் நிறைவுசெய்த உலகப் படமும் பயணியர் பலரை வினவி, அவர் கூற்றுகளை ஒப்புநோக்கி வரைந்ததன்றோ?

இனி, நாம் சொல்ல வந்த முதன்மைச் செய்திக்கு வருவோம். மேல்மாநிலங்களில் எழுந்த தடுப்பணைகளை இப்படத்தில் குறிக்க அனைவரும் முன்வருவர். நம் ஊர்த் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து கழிவுநீர் கலந்த இடங்களைக் குறிக்க எத்தனை பேர் முன்வருவர்? உப்பேறிய கிணறுகளும் தரிசாகிய வயல்களும் யாவரும் அறிந்தவை. 1996இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இவ்வாலைகளைப் பற்றிய வழக்கிலேயே வலியுறுத்திற்று. 2025 சனவரியிலும் பாலாற்று மாசு குறித்து அம்மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இத்தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. இதன் வருவாயில் பள்ளிகளும் கல்லூரிகளும் தழைத்தன. அந்நன்றியை நாம் மறந்தோமல்லோம். பழிசுமத்தவே படம் வரைகிறோம் என்று சிலர் வருந்தவும் கூடும். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களையும் அதே படத்தில் குறிப்போம். மணல் அள்ளிய பள்ளங்களையும் நகரச் சாக்கடை கலக்கும் இடங்களையும் ஏரி ஆக்கிரமிப்புகளையும் குறிப்போம். ஒருவரை மட்டும் சுட்டுவது அநீதி; நம்மை மட்டும் விடுவதும் அநீதியே. நோயை மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வாருண்டோ?

நீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பங்காளிக்குக் கணக்குக் காட்டுவது கடமை. அக்கணக்கேடாக இப்படம் அமையட்டும். மாணவச் செல்வங்கள் ஊர்தோறும் சென்று பெயர்களைத் தொகுக்கட்டும். ஆசிரியர்கள் அவற்றைச் சரிபார்க்கட்டும். சமுதாயப் பெரியோர், தங்கள் ஆலைகளின் கழிவு எங்குச் செல்கிறது என்பதைத் தாமே முன்வந்து குறித்துத் தரட்டும். உள்ளதை உள்ளவாறு வரையும் துணிவை இறைவன் நமக்கு அருள்வானாக!