டின்னில் இருந்த தேதியும் நம் குடும்பக் குழு சொன்ன தீர்ப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் படித்துவிடுங்கள்.

அடிலெய்டில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் மாப்பிள்ளை கார் ஷெட்டை ஒழித்தபோது பழைய டின் ஒன்று கிடைத்தது. வீட்டிலேயே பீர் தயாரிக்க இங்கே கடைகளில் விற்கும் டின் அது. அடியில் இருந்த தேதி முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. "இதைப் போடலாமா அத்தை, நீங்கள் சயின்ஸ் டீச்சர்தானே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மகள் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். அவ்வளவுதான். "விஷம்", "கண் போய்விடும்", "டீச்சர் வீட்டிலேயே கள்ளச்சாராயமா", கடைசியில் "கள்ளக்குறிச்சி மறந்துவிட்டதா?" என்று ஒரு செய்தி. அதற்கு பதினோரு பேர் கைகூப்பி வைத்திருக்கிறீர்கள்.

முதலில் என்னைப் பற்றி. நான் குடிப்பவள் அல்ல. குடிக்கு வக்காலத்து வாங்குபவளும் அல்ல. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தியபோது எனக்குப் பத்து வயது. அந்தக் கடை எங்கள் வீட்டை என்ன செய்தது என்று உறவினர்களுக்குத் தெரியும். ஆனாலும் பொய்யைப் பொய் என்றுதான் சொல்லவேண்டும்.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் பக்கம் செத்தவர்களும் அப்படியே. மெத்தனால் தொழிற்சாலைக்கு உரிய பொருள். அதைக் கொண்டுவந்து கலந்து விற்ற ஆட்கள் இருக்கிறார்கள். பழைய டின்னின் தேதியையும் அந்தச் சாவையும் ஒரே வரியில் எழுதுகிறவர்கள், அந்த ஆட்களுக்குத் தெரியாமல் உதவி செய்கிறார்கள். "ஏதோ கெட்டுப்போனதைக் குடித்துச் செத்தார்கள்" என்று ஆகிவிடுகிறது அல்லவா? கெட்டுப்போனது எதுவும் அங்கே இல்லை. விஷத்தைக் கலந்தார்கள். பார்லி மால்ட் நொதித்தால் வருவது எத்தனால். அதில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை, டின் பழசானாலும் உண்டாவதில்லை.

சரி, டின்னுக்குள் என்ன இருக்கிறது? முளைகட்டிய பார்லியின் சாற்றை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு சேர்த்து, தேன் பதத்துக்குச் சுண்டவைத்த பாகு, 1.7 கிலோ. மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பொட்டலம். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தால் 23 லிட்டர் வரும். பாகில் தண்ணீர் மிகக் குறைவு, அதனால் கிருமி பெருகாது. நம் வீட்டு வெல்லம் பழசானால் என்ன ஆகும்? கறுக்கும், வாசனை மாறும். இதுவும் அப்படித்தான் கறுக்கும், ஹாப்ஸின் கசப்பும் மங்கும். பொன்னிறமாக வரவேண்டியது பழுப்பாக வரும். டின்னில் அச்சடித்திருப்பது "பெஸ்ட் பிஃபோர்". அதாவது இந்தத் தேதிவரை ருசிக்கு உத்தரவாதம். "யூஸ் பை" என்பது வேறு, அது பாதுகாப்பைப் பற்றியது, அதைத் தாண்டக்கூடாது. இந்த நாட்டுச் சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது: யூஸ் பை தாண்டினால் விற்கக்கூடாது, பெஸ்ட் பிஃபோர் தாண்டியதை, சாப்பிடத் தகுந்த நிலையில் இருந்தால், விற்கலாம். பிஸ்கட் பாக்கெட்டைக்கூட அந்த இரண்டு சொற்களில் எது என்று பார்க்காமல் குப்பையில் போடுகிறோம்.

இதைப் படித்து மாப்பிள்ளை குளிர்ந்துவிட வேண்டாம். "தேதியெல்லாம் கம்பெனிக்காரன் வியாபார தந்திரம் அத்தை" என்று அவர் சொன்னதும் அதே அளவு தப்பு. பாகு உயிரில்லாத பொருள், காத்திருக்கும். ஈஸ்ட் உயிர். காய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும் உயிர். அடிலெய்டு கோடையில் நாற்பது டிகிரி தாண்டும். தகரக் கூரை ஷெட்டில் மூன்று கோடை கழித்து அது எழுந்திருக்குமா? எட்டாம் வகுப்பில் உங்களுக்கு நான் செய்துகாட்டிய சோதனைதான். வெதுவெதுப்பான நீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, ஈஸ்ட். இருபது நிமிடம். நுரைக்கவே இல்லை. மாவு பொங்காத தோசைப் பாத்திரம் மாதிரி அப்படியே கிடந்தது.

செத்த ஈஸ்ட்டை நம்பினால் என்ன ஆகும்? நொதித்தல் தொடங்காது. அந்த இடைவெளியில் வேறு கிருமிகள் புகுந்து புளிக்கவைக்கும். பாதி ஈஸ்ட் மட்டும் உயிரோடு இருந்தால் அதைவிட மோசம். மெதுவாக நொதித்துப் பாதியில் நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்தால், மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்து, வாயு சேர்ந்து, பாட்டில் வெடிக்கும். இந்த விஷயத்தில் கண்ணுக்கு ஆபத்து அந்தக் கண்ணாடிச் சில்லால்தான். பால்காரர் லாக்டோமீட்டர் வைத்துப் பார்ப்பாரே, அதுபோல இதற்கு ஹைட்ராமீட்டர் உண்டு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் அடைக்கவேண்டும். டின் உப்பியிருந்தாலோ, துருப்பிடித்து ஒழுகியிருந்தாலோ திறந்துகூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். இதற்கெல்லாம் தேதி பதில் சொல்லாது. கையும் கண்ணும் மூக்கும்தான் சொல்லும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது இதை வைத்து வம்பில் மாட்டுவீர்கள். இங்கே சொந்த உபயோகத்துக்கு பீர் தயாரிக்கலாம். காய்ச்சி வடிக்கத்தான் உரிமம் இல்லாமல் கூடாது. நம் ஊரில் உரிமம் இல்லாமல் எதுவுமே கூடாது, 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. யாரும் முயற்சி செய்யாதீர்கள் கண்ணுகளா.

டின் உப்பவில்லை, பாகு கறுத்திருந்தது, வாசனை கெடவில்லை. மாப்பிள்ளை சில டாலருக்குப் புது ஈஸ்ட் வாங்கிவந்தார். பழையதைக் கொதிக்கவைத்து அதிலேயே ஊற்றினார், செத்த ஈஸ்ட் புதிய ஈஸ்ட்டுக்கு உணவாம். அது எனக்கே புதுப்பாடம். இன்று ஏழாம் நாள், ஹைட்ராமீட்டர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, பாட்டில்கள் காலியாகக் காத்திருக்கின்றன. நான் ருசி பார்க்கப்போவதில்லை.

பெரியண்ணே, கள்ளக்குறிச்சி என்று நீங்கள் போட்ட அந்தச் செய்தியை மட்டும் எடுத்துவிடுங்கள். பேத்தி தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நேற்று அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா விஷம் காய்ச்சுகிறாரா அம்மாச்சி?" என்று என்னிடம் கேட்டாள்.