மீட்பு என்னும் பெயரில் ஓர் அழிப்பு

கணினிக் கட்டளை ஒன்றின் உதவிக்குறிப்பில் உள்ள ஒற்றை வரி, பொறியியல் சிக்கலா, மொழிச் சிக்கலா? மொழிச் சிக்கலே என்பது நமது துணிபு. நிரலாளரும் தமிழாசிரியரும் ஒருங்கே இதை மறுக்கக்கூடும். இருவரையும் நோக்கியே இதை எழுதுகிறோம்.

நிரலில் செய்யும் திருத்தங்களைப் படிப்படியாகப் பதிந்துவைத்து, வேண்டியபோது பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மென்பொருள் 'கிட்'. லினக்ஸ் கருநிரலைப் பேணுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கியது. பாடபேதங்களைப் பிரதிவாரியாக அடுக்கிவைத்திருக்கும் பதிப்பாசிரியரின் மேசையை இலக்கிய வாசகர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

இதில் 'செக்அவுட்' என்றொரு கட்டளை. கிளை மாறுவதற்கு அல்லது கோப்புகளை மீட்டமைப்பதற்கு என்பதே அதன் ஒருவரி விளக்கத்தின் சாரமாக நெடுங்காலம் இருந்தது. கிளை மாறும்போது நம் திருத்தங்கள் அழியுமென்றால் கட்டளை நின்று எச்சரிக்கும். கோப்பை மீட்டமைக்கும்போதோ, ஒரு சொல்லும் கேளாமல் அவற்றை அழித்துவிடும். காவலனையும் கள்வனையும் ஓர் 'அல்லது' ஒரே வாசலில் நிறுத்தியது.

2019 ஆகஸ்டில் வெளிவந்த 2.23ஆம் பதிப்பு இவ்விரு வேலைகளுக்கும் 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' எனத் தனித்தனிக் கட்டளைகளைத் தந்தது. வரவேற்கிறோம். ஆயினும் நோய் பாதியே தீர்ந்தது. 'ரெஸ்டோர்' என்பதை அகராதியைப் பார்த்து 'மீட்டல்' என்றே நம் மாணவர் கொள்வார். தமிழில் மீட்பது என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுவது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். இங்கோ பழையது திரும்பி வர, இன்று பிற்பகல் எழுதியது போய்விடுகிறது. நகையை மீட்கப் போனவரின் கைவளையலைக் கழற்றிக்கொள்வதற்கு மீட்பு என்று பெயரா?

பவணந்தியார் நன்னூலில் நூற்குற்றம் பத்து என்று வகுத்தார். அவற்றுள் குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் இங்கே கைகோத்து நிற்கின்றன. அடுத்த பதிவுக்கான திருத்தங்களைத் திரட்டிவைக்கும் ஓரிடத்தை இம்மென்பொருள் 'இன்டெக்ஸ்', 'கேஷ்', 'ஸ்டேஜ்' என்று மூன்று பெயரால் சுட்டுகிறது. செய்யுளில் ஒருபொருட் பன்மொழி அழகு. கட்டளையில் அது பொறி.

"விரிவான கையேடு இருக்கிறதே, படிக்காதவர் குற்றம்" என்பார் நிரலாளர். அவசரத்தில் இருப்பவர் கையேட்டையா புரட்டுவார்? நமது நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தில் நீர் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைத் தணித்தே கரியை வெட்டுகிறார்கள். அந்தச் செய்தியை எவரும் பின்னிணைப்பில் ஒளித்துவைப்பதில்லை. ஆபத்து முதலில் சொல்லப்பட வேண்டும். பயன் பிறகு வரலாம்.

நகரியத்தின் வட்டங்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தமிழ்வழியில் பயின்று கணினித் துறைக்கு வரும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஊறியவர் சொல்லைச் சந்தேகிப்பார். இவர்கள் சொல்லை நம்புவார்கள். அந்த நம்பிக்கைக்குத் தண்டனையாக ஒரு நாள் உழைப்பு பறிபோகிறது. பழியையும் தம் தலையிலேயே போட்டுக்கொள்வார்கள்.

தமிழறிஞருக்கும் ஒரு சொல். கலைச்சொல் ஆக்கித் தந்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. மயங்கிய வரியை அப்படியே பெயர்த்தால் மயக்கமும் சேர்ந்தே பெயரும். சொல்லுக்குச் சொல் தேடாமல், நிகழ்வதை எழுத வேண்டும். நமது பரிந்துரை இது: "கோப்பை முந்தைய நிலைக்குத் திருப்பும். கிட்டில் சேர்க்காத உங்கள் திருத்தங்கள் அழியும். அவற்றைக் கிட்டால் மீட்டுத்தர இயலாது."

கிட் கட்டற்ற மென்பொருள். அதன் உதவிக்குறிப்புகளும் நிரலைப் போலவே பொதுவில் உள்ளன. திருத்தம் எவரும் அனுப்பலாம். சூத்திரம் விளங்கவில்லை என்று புலம்பி நின்றிருந்தால் நமக்கு இளம்பூரணரும் இல்லை, சேனாவரையரும் இல்லை. உரை மரபு உடைய மொழிக்கு மூன்று வரி எழுதுவது பெரும்பணி அன்று. எழுதுவோம்.