பேரை எப்போது வெட்டுவது?

ஒரு செயலி எழுதும்போது, "இது நடந்தால் எனக்குச் சொல்லு" என்று ஓர் ஆப்ஜெக்ட்டிடம் பேர் பதிந்து வைப்போம். நடக்கிற விஷயம் ஈவென்ட். கூப்பிட்டதும் வந்து வேலை செய்யும் பகுதி ஈவென்ட் ஹேண்ட்லர். பிரட்டுக்களத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதுசில்லை. செக்ரோலில் பேர் இருந்தால் கூப்பிடுவாங்க, இல்லாவிட்டால் இல்லை. அதனால் கலைப்பீடத்து நாங்களும் இதைப் பற்றிப் பேசலாம்.

வேலை முடிந்த பிறகும் பேர் பட்டியலிலேயே கிடந்தால் தொல்லை. தேவையில்லாத வேலை திரும்பத் திரும்ப நடக்கும். அந்த ஹேண்ட்லர் பிடித்திருக்கும் மெமரியும் விடுபடாது. இதற்காகத்தான் ஹேண்ட்லர் தானே தன் பேரை வெட்டிக்கொண்டு போகும் முறை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 'வன்ஸ்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். முதல் தடவை கூப்பிட்டதோடு பேர் போய்விடும்.

வசதிதான். ஆனால், கூப்பிட்டாச்சு என்பதும் வேலை முடிந்தது என்பதும் ஒன்றல்ல. வேலை முடிந்த பிறகுதான் பேரை வெட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஊவாவில் இது ஏன் முக்கியம் என்று பாருங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் மழை அளவுக்குப் படிகள் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேறியே ஆக வேண்டும். லயத்து மக்களின் போனுக்கு இதை அனுப்ப யாரோ ஒருவர் ஒரு செயலி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஒரே மெசேஜ் பல தடவை போகக்கூடாதே" என்று நினைத்து வன்ஸ் போடுகிறார். 75இல் மெசேஜ் போகும். அத்தோடு பேர் வெட்டுப்படும். 150 வரும்போது செயலி வாயே திறக்காது. எரர் ஒன்றும் காட்டாது என்பதுதான் இதில் மோசம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வன்ஸ் முதலில் பேரை வெட்டுகிறது, அதன் பிறகுதான் ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது. பாதி வழியில் சிக்னல் போய் மெசேஜ் நின்றுவிட்டால், மறுபடி முயல பட்டியலில் பேரே இல்லை. மலைக்குப் பின்னால் உள்ள டிவிசன்களில் சிக்னல் எப்படி என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சரி, பட்டியலை நாங்களே எழுதினால்? அங்கேயும் கவனம் வேண்டும். பைதனில் மூன்று ஹேண்ட்லர்களை வரிசையாகக் கூப்பிடுகிறோம். முதலாவது, தன் முறை வந்ததும் தன் பேரை வெட்டிக்கொள்கிறது. இரண்டாவது முதலாம் இடத்துக்கு ஏறிவிடுகிறது. கூப்பிடுபவரோ அடுத்து இரண்டாம் இடத்தைப் பார்க்கிறார். அங்கே நிற்பது மூன்றாவது. ஒருவர் பேரை வெட்டியதால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அழைப்பே போகவில்லை! பட்டியலைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைப் பார்த்துக் கூப்பிட்டால் இந்தப் பிரச்சினை தீரும். சீ ஷார்ப்பில் வேறொரு பாடம்: பேர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதிப் பதிந்த ஹேண்ட்லரைப் பிறகு வெட்ட முடியாது. முதலில் அதை ஒரு மாறியில் வைத்திருக்க வேண்டும். பேர் தெரியாதவரின் பேரை எப்படி வெட்டுவது?

வன்ஸ் வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பக்கம் திறந்ததும் ஒரு வரவேற்பு காட்ட அது நல்லது. உயிரோடு சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும், எது நடந்தால் வேலை முடிந்தது என்று முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். "வெளியேறும் அறிவிப்பு போய்ச் சேர்ந்தது, மழையும் விட்டது" என்பது ஒரு முடிவு. "ஒரு தடவை சொன்னோம்" என்பது முடிவல்ல.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலேயே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை போனது, ஆனால் மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும் வேலை முடியவில்லை. கொம்பியூட்டர் எதுவும் இல்லாமலே, சொல்லியாச்சு என்பதோடு அங்கே பேர் வெட்டப்பட்டுவிட்டது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையிலும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. இந்த ஈவென்ட் திரும்பத் திரும்ப வருகிறது. நாளைக்கு எங்கள் ஊர்களுக்கான எச்சரிக்கைச் செயலியை எழுதப்போவது எங்களில் ஒருவராக இருக்கலாம். அவர் வன்ஸ் என்று டைப் பண்ணும் முன் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கட்டும்.